சுவர் ஏறிக் குதித்ததற்கா சிறை?

துணை மின்நிலையத்துக்குள் புகுந்து, மின்கட்டுப்பாட்டுப் பேனலின் பூட்டை உடைத்துக் காணொளி எடுத்த மூவரைச் சிறையில் அடைக்க வேண்டும் என்று நான் எழுதிய நான்கு வரிகளுக்கு நேற்றிலிருந்து வந்து விழும் வசவுகளையெல்லாம் பொறுமையாகப் படித்தேன். "சுவர் ஏறிக் குதித்ததற்கா சிறை?" என்பதுதான் பெரும்பாலோரின் கேள்வி. ஆம், அதற்கும்தான்.

110 கிலோவோல்ட் கம்பியைத் தொட வேண்டியதில்லை. நெருங்கினாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாயும். அந்தச் சுவரை எழுப்பியதே உயிருக்காகத்தான். ஆனால் நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆவது பிரிவின்படி குற்ற அத்துமீறலுக்கு அதிகபட்சம் 3 மாதச் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தவர் காலி மனைக்குள் வம்புக்கு நுழைந்தவனுக்கும் இதே கணக்குதான். சேதம் செய்தால் 1984ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் வருகிறது. மின்சாரம், குடிநீர் தொடர்பான சொத்தென்றால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு கடுங்காவல். அந்தக் குறைந்தபட்சத்தையும் காரணம் எழுதிவிட்டு நீதிமன்றம் குறைத்துக்கொள்ளலாம். இவ்வளவு இளகிய சட்டத்தைத்தான் 'கொடுங்கோன்மை' என்கிறார்கள்.

என் அப்பா லைன்மேனாக இருந்தவர். ஓர் இரவு யாரோ வேலியை வளைத்து உள்ளே போய், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இணைப்பின் செம்புப் பட்டையை அறுத்துப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எர்த் அறுந்த இரும்புச் சட்டகத்தில் மின்கசிவு ஏற்பட்டால், அது இறங்கிப்போக வழியில்லாமல் அங்கேயே காத்திருக்கும். விடியற்காலையில் அதில் கை வைத்தவர் அப்பா. பிழைத்துக்கொண்டார். வலக்கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. சட்டைப் பித்தானை அம்மாதான் போட்டுவிடுகிறார். வழக்கில் எழுதப்பட்டதோ செம்பின் எடையும் விலையும் மட்டுமே.

"போராடுகிறவர்களை உள்ளே தள்ளத்தான் இந்தச் சட்டமெல்லாம்" என்ற வாதம் எனக்கும் தெரியும். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எண்ணெய்க் குழாய்ப் போராட்டங்களை ஒட்டி 2017இல் வந்த சட்டம், இத்தகைய இடங்களை வேண்டுமென்றே சேதப்படுத்தினால் 10 ஆண்டு வரை சிறை, 1,00,000 டாலர் அபராதம் என்றது. கூட்டுச் சதி என்று தீர்ப்பானால் அமைப்புகளுக்கு அபராதம் பத்து மடங்கு. அது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூட்டை உடைத்து, பின்னணி இசை சேர்த்து வலையேற்றிய இவர்கள் எதற்காகப் போராடினார்களாம்?

என்னை 'அதிகாரத்தின் அடிவருடி' என்று எழுதியவர்களில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவின் அந்தக் கையைப் பிடித்து நலம் விசாரித்தவர். மற்ற வசவுகளைக் கடந்துவிட்டேன்; இதை முடியவில்லை.

அந்த மூவரும் சிரித்துக்கொண்டே வெளியேறும்போது, காணொளியின் கடைசி நொடிகளில், அவர்களுக்குப் பின்னால் பேனலின் கதவு திறந்தபடியே கிடக்கிறது. இரவுப் பணிக்கு வருகிறவர் டார்ச்சோடு போய் நிற்கும் இடம் அது. பரிந்துபேச வருகிறவர்கள் அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து என்னைத் திட்டுங்கள்.