ஓய்வுக்குப் பின் நடை ஏன் நின்றுபோகிறது

பணி ஓய்வுக்குப் பிறகு நல்ல பழக்கங்களைத் தொடர மனவுறுதியே போதும், 21 நாட்களில் எதுவும் பழகிவிடும் என்று கட்டுரையாளர் ஒருவர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. வேலைக்குச் சென்ற நாட்களில் பேருந்து நிறுத்தம் வரை நடந்ததும், ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்ததும் மனவுறுதியால் நிகழ்ந்தவை அல்ல. வருகைப் பதிவேடும் உணவு இடைவேளையும் நம்மை அவ்வாறு இயக்கின. தமிழக அரசு ஊழியர் ஒருவர் 60 வயதில் ஓய்வு பெற்ற மறுநாளே அந்த ஏற்பாடு முழுவதும் விலகிவிடுவதால், பதினொரு மணிக்கு முறுக்குடன் இரண்டாவது காபியும், மதியம் நீண்ட உறக்கமும் (மாலைத் தொடர்களைச் சொல்லவே வேண்டாம்) தாமாகவே இடம்பிடித்துவிடுகின்றன.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், புதிய செயலொன்று பழக்கமாகப் பதிவதற்கான காலம் ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. காலை உணவுக்குப் பின் என்பதுபோல், அன்றாடம் தவறாமல் நிகழும் ஒன்றோடு அச்செயலை ஆய்வில் பங்கேற்றவர்கள் இணைத்துக்கொண்டனர் என்பதும், இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் இங்கு முக்கியமானவை.

உலக சுகாதார நிறுவனம் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. பால் வாங்கச் செல்வதையும் பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவதையும் ஸ்கூட்டரில் அல்லாமல் நடந்தே செய்தால், அதில் பெரும்பகுதி தனி முயற்சியின்றியே நிறைவேறிவிடும்.