பாயசத்துக்கு ஒரு சத்தியாகிரகம்

"போராடுறது தப்பில்ல தம்பி, ஆனா அதுக்குன்னு ஒரு முறை வேணாமா?" இதை இன்னொரு தடவை யாராவது என் காதுல போட்டா, அடுத்து டெல்லியில போராட்டம் நடக்குற ஜந்தர் மந்தர்ல போய் உட்காரப் போறது நான்தான்.

நேத்து கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில ஒரு பெரியவர். பென்ஷன் வருது, மாடி வாடகை வருது, எல்லாத்துக்கும் மேல அபிப்பிராயம் வருது. 2017 டெல்லி வீடியோவை யாரோ மறுபடி சுத்த விட்டிருக்காங்க போல. விவசாய சங்கத் தலைவர் அய்யாக்கண்ணுவோட போராடப் போன நம்ம ஊரு விவசாயிங்க, கையில மண்டை ஓடு, வாயில எலி. "சீ, சாப்பிடற நேரத்துல என்ன கருமம்!"னு முகத்தைச் சுளிக்கிறாரு. சாப்பிடற நேரத்துல அந்த வீடியோவைப் போட்டது அவரேதான்.

அப்புறம் ஆரம்பிச்சுது. ரோட்டை மறிச்சா ஆம்புலன்ஸ் போக முடியல. உண்ணாவிரதம் இருந்தா ராத்திரி ஒளிஞ்சு பிரியாணி. சும்மா உட்கார்ந்தா வேலை வெட்டி இல்லாதவன். எலியைக் கவ்வினா அசிங்கம், நாட்டோட மானம் போச்சு. பின்ன எப்படித்தான் சார் போராடணும்? "முறையா மனு கொடுக்கணும்."

மனு! திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசல் பக்கம் போயிருக்காரா இவரு? 2016 வடகிழக்குப் பருவமழை நூற்று நாற்பது வருஷத்துல இல்லாத அளவுக்குப் பொய்ச்சுது. 2017 ஜனவரியில 32 மாவட்டத்தையும் வறட்சி பாதிச்சதுன்னு அரசாங்கமே அறிவிச்சுது. 40,000 கோடி வறட்சி நிவாரணம் கொடு, கடனைத் தள்ளுபடி பண்ணு, காவிரி மேலாண்மை வாரியம் அமைன்னு கேட்டுட்டு மார்ச் 14-லேர்ந்து டெல்லி வெயில்ல கிடந்தாங்க. மனுவும் கொடுத்தாங்க சார், பிரதமர் ஆபீஸ்லயே. வாங்கி வச்சுக்கிட்டு அனுப்பிட்டாங்க, பிரதமரைப் பார்க்க விடல. அன்னிக்குத்தான் துணியை அவுத்துப் போட்டுட்டு அந்த ரோட்டுல ஓடினாங்க. ஓடினது மட்டும்தான் இவரு செல்போனுக்கு வந்துச்சு. மனுவை எவன் ஃபார்வர்ட் பண்றான்?

இதையெல்லாம் சொல்ல நான் வாயைத் திறக்கிறேன், அப்பத்தான் அந்தச் சம்பவம்.

பாயச வாளி வந்துச்சு. எதிர் வரிசைக்கு ஊத்தினான். எங்க வரிசையில முதல் நாலு இலைக்கு ஊத்தினான். வாளி காலி. "இதோ வரேன்"னு போன பையன் போனவன்தான். அவன் வர்றதுக்குள்ள மோர்க்காரன் வந்துட்டான்! பெரியவர் மோர்க்காரனைப் பார்த்தாரு. இலையைப் பார்த்தாரு. பேசல. திட்டல. இலையிலேர்ந்து கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துட்டாரு. சோறு அப்படியே இருக்கு. அப்பளம் நமுத்துப் போகுது. சுத்தமான அகிம்சை.

மோர்க்காரனுக்கு வேர்த்துடுச்சு. "ஐயா, மோர்..." பதில் இல்ல. பொண்ணோட சித்தப்பா ஓடி வந்தாரு. "மாமா, என்ன மாமா?" மாமா சுவரைப் பார்க்கிறாரு. பொண்ணோட அப்பாவே மேடையிலேர்ந்து இறங்கி, போட்டோக்காரனைத் தாண்டி, ஈரக் கையோட வந்து, "மச்சான், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க"ன்னு குனிஞ்சாரு. கடைசியில சமையல் காண்ட்ராக்டரே வாளியும் கையுமா வந்து ரெண்டு கரண்டி ஊத்தி, மேல தனியா முந்திரி தேடிப் போட்டாரு. மொத்தம் அஞ்சு நிமிஷம் ஆகியிருக்குமா? மாமா கையை எடுத்தாரு, உறிஞ்சினாரு. என்னைப் பார்த்து, "காந்தி பண்ணினாரே, அது போராட்டம்"னாரு.

எனக்குப் புரையேறிடுச்சு.

ஐயா, உங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல மேடை இறங்கி வந்துச்சு. அவங்க 41 நாள் கிடந்தாங்க. எலியைக் கவ்வி, பாதி மீசையை மழிச்சு, ரோட்டுல சோத்தைக் கொட்டித் தின்னு, கடைசியில மூத்திரத்தைக் குடிச்சுக் காட்டுற வரைக்கும் போனாங்க. ஏப்ரல் 23-ம் தேதி அப்போ முதலமைச்சரா இருந்த எடப்பாடி பழனிசாமி டெல்லிக்குப் போன இடத்துல வந்து பார்த்துச் சொன்ன பிறகு நிறுத்தி வச்சாங்க. ஜூலையில மறுபடி போய் உட்கார வேண்டியதாப் போச்சு. கையை மடியில வச்சாலே ஊரு ஓடி வர்ற ஆளுக்கு எலி எதுக்கு?

காந்தியாம் காந்தி. 1930-ல உப்பு அள்ளப் போறேன்னு அவர் கிளம்பினப்போ, இந்த உப்பு விவகாரம் என் தூக்கத்தைக் கெடுக்கலைன்னு லண்டனுக்கு லெட்டர் போட்டாரு வைஸ்ராய் இர்வின். அதே வருஷம் ராஜாஜி திருச்சியிலேர்ந்து வேதாரண்யத்துக்கு நடந்தப்போ, அவங்களுக்குச் சோறு போட்டா, தங்க இடம் கொடுத்தா ஜெயில்னு உத்தரவு போட்டாரு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். நம்ம மாமா அன்னிக்குத் திண்ணையில இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு? "காலணாவுக்குக் கடையில கிடைக்கிற உப்புக்கு இவ்வளவு தூரம் நடக்கணுமா? முறையா மனு கொடுக்கலாமே!"

இன்னிக்குக் காலையில ஆறு மணிக்குச் சொந்தக்காரங்க குரூப்புல அவர்கிட்டேயிருந்து ஒரு படம். மினுமினுக்கிற ரோஜா, உதிக்கிற சூரியன், ஏர் உழுற மாடு. "உழவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது. காலை வணக்கம்." கோவம் வரணும், ஆனா சிரிப்புத்தான் வந்துச்சு. அதுக்குக் கீழே வரிசையா இருபது கும்பிடு, ரெண்டு பேர் அதே படத்தைத் திரும்ப அனுப்பியிருக்காங்க. இந்த ரோஜாப் படங்களாலேயே என் போன்ல இடம் இல்லாம, சிலிண்டருக்கு வந்த ஓடிபி திறக்கறதுக்குள்ள போன் உறைஞ்சு போச்சு. சிலிண்டர்காரன் வாசல் வரைக்கும் தூக்கிட்டு வந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டான்!