நாடக வரலாற்றைக் கூத்துமாடத்திலிருந்து தொடங்குவோம்

போன வாரம் எங்கள் தமிழ்த் துறையின் நாடக வரலாறு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், தோல்பாவைக்கூத்து கேரளக் கலைதானே? அது எப்படி நம்ம பேப்பர்ல வரும்?"

தோலில் செய்த பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டிக் கதை சொல்கிற கூத்தைத்தான் கேட்டாள். பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண். வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம். அவள்மேல் தப்பே இல்லை. வருஷக்கணக்காக நாடக வரலாறு நடத்துகிற எங்களைப் போன்றவர்கள்தான் அவளை அப்படிக் கேட்க வைத்திருக்கிறோம்.

எங்கள் பாடம் போகிற பாதை இதுதான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. அங்கிருந்து ஒரே தாவலில் நவீன காலத்து நாடக ஆசிரியர்கள் சங்கரதாஸ் சுவாமிகள், பம்மல் சம்பந்த முதலியார். பேர், வருஷம், எழுதிய நாடகங்கள், ஐந்து மார்க். நடுவில் எத்தனையோ நூற்றாண்டுகள் ராத்திரி ராத்திரியாக ஆடியவர்கள் அச்சுப் புத்தகம் விட்டுப் போகாததால் பாடத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் அறுவடை முடிந்ததும் கூத்து தொடங்கும். கூத்துமாடம் என்பது கோயிலில் இதற்கென்றே கட்டிய மேடை. அதில் வெள்ளைத் திரை, பின்னால் வரிசையாக 21 விளக்கு, தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டது. தோலில் செய்த பாவை, முன்பெல்லாம் மான்தோல். பாவை ஆட்டுகிறவரைப் புலவர் என்பார்கள். அவர் பாடுவது கம்பராமாயணத்து விருத்தப் பாட்டு; அதை விரித்துச் சொல்வது மலையாளம் கலந்த பேச்சில். சில கோயிலில் 7 நாள், சில இடத்தில் 21, இன்னும் சில இடத்தில் 41 நாள் வரை. ராவணவதம் நடந்தபோது காளி தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்தாளாம், அவள் பார்க்காமல் விட்டதை அவளுக்குக் காட்டத்தான் இந்தக் கூத்து. அதனால் எதிரே ஆள் இல்லாவிட்டாலும் விடிய விடியப் பாடுகிறார்கள்.

இந்த ஒரு கூத்தை வைத்தே ஒரு செமஸ்டர் நடத்தலாம். பார்வையாளர் என்றால் யார்? புலவர் வாயில் நிற்கிற கம்பனுக்கும் அச்சில் நிற்கிற கம்பனுக்கும் எங்கே வித்தியாசம்? மலையாளம் பேசுகிற ஊரில் தமிழ் விருத்தம் இத்தனை காலம் எப்படித் தங்கியது? இதில் ஒன்றுகூட எங்கள் கேள்வித்தாளில் வந்ததில்லை. மலையாளத் துறை நண்பரிடம் சொன்னேன். "பாட்டு உங்களுதல்லவா, நீங்கதானே நடத்தணும்" என்றார். இரண்டு துறைக்கும் நடுவே அந்த விளக்கு அநாதையாக எரிகிறது. எனக்கு அது நிஜமாகவே வலிக்கிறது.

மொழிவாரியாகக் கூறுபோட்டுப் படிப்பதால் புத்தகத்தில் இருக்கிற செய்திகூடப் புரியாமல் போகிறது. 1891-ல் பம்மல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கக் காரணம், சென்னைக்கு வந்த பெல்லாரித் தெலுங்குக் குழுவின் நாடகத்தைப் பார்த்தது. அடுத்த வருஷமே மலையாளத்தில் 'சங்கீத நைஷதம்' என்ற பாட்டு நாடகம் வருகிறது. அதற்கு முன்மாதிரி, கேரளத்தில் சுற்றிய தமிழ்க் கம்பெனிகளின் சங்கீத நாடகம். பெல்லாரி, சென்னை, கேரளம் என்று ஒரு ரயில் பாதை போல ஓடுகிற கதை இது. நாங்கள் அதை மூன்று துறைகளில் மூன்று துண்டாக வைத்திருக்கிறோம்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. முதல் வகுப்பு கூத்துமாடத்தில் நடக்கட்டும், ஒரு முழு ராத்திரி. தமிழ், மலையாளம் இரண்டு துறைப் பிள்ளைகளும் சேர்ந்தே வரட்டும். இன்டர்னல் மார்க்குக்கு அசைன்மெண்ட் என்று புத்தகத்தைப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக, ஊரில் ஆடிய ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வரட்டும். பாலக்காட்டு நாட்டார் கலைகளான பொறாட்டு நாடகத்தில் வேஷம் கட்டியவர்கள், கண்யார்களியில் தமிழ்ப் பாட்டுப் பாடியவர்கள் பாலக்காட்டுச் சித்தூர், ஆலத்தூர் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. சிலபஸ் கமிட்டி கூடும்வரை அவர்களால் காத்திருக்க முடியாது.

அந்த மாணவியிடம் அடுத்த நாள் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "எங்க அப்புச்சி சின்ன வயசுல பொறாட்டுல வேஷம் கட்டியிருக்காரு சார். அதுவும் வரலாறா?" என்றாள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறோம்.

இதைப் படிக்கிற எல்லை ஊர்க்காரர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய நாடக நோட்டீஸ், கையெழுத்துப் பாட்டு நோட்டு, வேஷம் கட்டிய போட்டோ ஏதாவது இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிள்ளைகளோடு நானே வந்து பார்க்கிறேன்.