ரப்பர் விலை இறங்கிய வீட்டுப் பிள்ளைகள் பொருளாதாரம் படிக்க வேண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் என் தாயார் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டினார். காண்டா (தோள்காவடி) வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வந்து, கணக்கரான கிராணி பாலை நிறுத்து எழுதும் அந்தச் சிறு நேரத்தில், அங்கு நின்ற அத்தனை பேரின் கண்ணும் தராசு முள்ளின் மேல்தான் இருக்கும். ரப்பர் விலை இறங்கிய மாதங்களில் மரமும் அதே மரம், வெட்டும் அதே வெட்டு, பாலின் எடையும் அதே எடை. கையில் வரும் கூலிப் பணம் மட்டும் குறைந்துவிடும். ஏன் என்று கேட்டால், "மார்க்கெட்டு எறங்கிப் போச்சும்மா" என்பார் வேலையை மேற்பார்க்கும் தண்டல். அந்த மார்க்கெட் எங்கே இருக்கிறது, அதை இறக்குவது யார் என்று சொல்வதற்கு தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் ஒருவரும் இல்லை.

அந்தக் கேள்வியையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் நான் பொருளாதாரம் எடுத்தபோது, பேங்கில் வேலை கிடைக்கும் என்பதற்கு மேல் எவரும் எதுவும் சொல்லவில்லை. நாட்டின் முழுப் பொருளாதாரத்தையும் ஆராயும் பேரியல் பொருளாதாரம் எங்களுக்குத் தேர்வுக்கு முன் மனப்பாடம் செய்யும் வளைகோடுகளாகவே இருந்தது.

பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் என் எண்ணம் மாறியது. கரும்புத் தோட்டங்கள் நிறைந்த மேற்கிந்தியத் தீவுகளில், செயின்ட் லூசியாவில் 1915இல் பிறந்தவர். ஏழு வயதில் தந்தையை இழந்தவர். ஐந்து ஆண் பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தாயின் மகன். பொறியியலாளராக விரும்பினார், ஆனால் கறுப்பரை அந்த வேலைக்கு அரசாங்கமும் எடுக்காது, வெள்ளையர் நிறுவனங்களும் எடுக்கா என்று தெரிந்திருந்ததால், உபகாரச் சம்பளத்தில் லண்டன் சென்று வணிகவியல் படித்தார். அங்கேயே விரிவுரையாளரானார். இரு உலகப் போர்களுக்கு இடையில் உலகப் பொருளாதாரத்துக்கு என்ன நேர்ந்தது என்று பாடம் நடத்தும்படி பணிக்கப்பட்டதால், அதை முதலில் தாமே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 1948இல், 33 வயதில், மான்செஸ்டரில் பேராசிரியர். 1952இல் பாங்காக் சாலையொன்றில் நடந்துகொண்டிருந்தபோது தோன்றிய ஒரு விடையே 1954இல் அவருடைய புகழ்பெற்ற கட்டுரையாக வந்தது. 1979இல் நோபல் பரிசும் வந்தது.

அவர் கேட்டது என் தாயாரின் கேள்வியேதான். கரும்பு விளைச்சல் பல மடங்கு பெருகியும் கரும்புத் தொழிலாளி ஏன் இன்னும் வெறுங்காலோடு நடக்கிறான்? சொற்பக் கூலிக்கு வர ஆட்கள் குவிந்து கிடக்கும்வரை, உற்பத்தி பெருகியதன் பலன் தொழிலாளியின் கைக்கு வராமல் குறைந்த விலை என்ற வடிவில் வாங்குபவருக்கே போய்ச் சேர்கிறது என்பது அவர் கண்ட விளக்கம். தமிழகத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களை இறக்கிய மலாயாத் தோட்டங்களின் கதை இதில் அடங்கவில்லையா? இந்தப் பக்கங்களைப் படித்த இரவு நான் தராசு முள்ளை நினைத்து நெடுநேரம் விழித்திருந்தேன்.

முனைவர் பட்டம்வரை பத்தாண்டுகள் ஆகலாம். நம் குடும்பங்களுக்கு அது பெரிய சுமை என்பதை அறிவேன். ஆனாலும் மருத்துவம், சட்டம் என்ற இரண்டு வாசல்களை மட்டுமே பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. விலையும் கூலியும் ஏறி இறங்குவதை அடுப்படியிலேயே பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் இந்தத் துறையில் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன.

தோட்டத்தில் பிறந்து இன்று பல்கலைக்கழகங்களில் பொருளாதாரம் கற்பிக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் இதைப் படிக்க நேர்ந்தால், ஒரு சனிக்கிழமை எங்கள் ஊருக்கு வாருங்கள். கோயில் மண்டபத்தைக் கேட்டு வைக்கிறேன்; ஆறாம் படிவப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை நானே அழைத்து வருகிறேன்.