கடற்பஞ்சுக்கு மரபணு கொஞ்சமா?

நெப்டியூன் கோப்பை என்ற கடற்பஞ்சின் (ஓரிடத்தில் ஒட்டி வாழும் விலங்கு) படத்தின் கீழே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: "மூளை இல்லை, நரம்பு இல்லை, அதனால் மரபணுவும் கொஞ்சம்தான். பரிணாமத்தில் மேலே வர வர அது கூடும்." படம் அருமை. அழிந்துவிட்டதாக நினைத்திருந்த அந்தக் கடற்பஞ்சு 2011-ல்தான் நம் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் மறுபடி கிடைத்தது. ஆனால் அண்ணன் சொன்ன கணக்கு தவறு.

எஃபிடேஷியா முல்லரி என்ற நன்னீர்ப் பஞ்சின் மரபணுத்தொகை, அதாவது அதன் முழு மரபுத் தகவல், 2020-ல் வெளியானது. அதில் புரதம் உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 39,000. நமக்கு சுமார் 20,000. சரி, அப்படியானால் அது நம்மைவிடச் சிக்கலானதா? அதுவும் இல்லை. மரபணு எண்ணிக்கையை வைத்து உடலின் சிக்கலை அளக்க முடியாது. எந்த மரபணு எப்போது, எந்தச் செல்லில் இயங்குகிறது என்பதும் முக்கியம்.

எனக்கு இதைவிட வியப்பு, ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வாழும் ஆம்ஃபிமெடான் குவீன்ஸ்லாண்டிகா என்ற கடற்பஞ்சு. 2010-ல் அதன் மரபணுத்தொகையைப் படித்தபோது, செல்கள் ஒட்டிக்கொள்ளவும், பழுதான செல் தானே மடியவும் தேவையான மரபணுக்கள் இருந்தன. நரம்பு இணைப்புகளில் வேலை செய்யும் பல புரதங்களுக்கான மரபணுக்கள்கூட இருந்தன, நரம்பே இல்லாத உயிரில்! அதாவது இந்தக் கருவிகளில் பல, நரம்பு தோன்றுவதற்கு முன்பே வேறு வேலைகளுக்காக இருந்திருக்க வேண்டும்.

அப்புறம், "பஞ்சு நம் மூதாதையா?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இன்றைய பஞ்சு நமக்கு மூதாதை இல்லை, தூரத்துப் பங்காளி. விலங்குகளில் முதலில் பிரிந்த கிளை பஞ்சா, சீப்பு ஜெல்லி என்ற, ஜெல்லிமீன் போலத் தோன்றும் கடல் உயிரியா என்ற சண்டையே இன்னும் தீரவில்லை.