அவன் முகம் எனக்கு எதற்கு?

நேற்றிரவுச் செய்தியைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். அமெரிக்காவில் சுட்டவனின் படத்தைப் பின்னணி இசையோடு, கதாநாயகன் அறிமுகம் மாதிரி, திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அவன் பெயர், அவன் துப்பாக்கி, அவன் எழுதி வைத்தது எல்லாம் வந்தது. செத்தவர்களில் ஒருவர் பெயர்கூட வரவில்லை.

செய்தியைச் சொல்லுங்கள். அவன் முகத்தை ஏன் விற்கிறீர்கள்?

2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் அதை இதே முகநூலில் நேரலையாக விட்டான். நாலு பேர் பார்க்க வேண்டும் என்றுதானே? அவன் பெயரைச் சொல்லவே மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார் அன்றைய நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன். 2022இல் அமெரிக்காவின் பஃபலோவில் 10 பேரைக் கொன்றவனும் நேரலை விட்டான். கிறைஸ்ட்சேர்ச்காரனைத் தன் முன்னோடி என்று எழுதியும் வைத்திருந்தான். இதற்குமேல் என்ன வேண்டும்?

“டிவி பார்த்தவன் எல்லாம் சுடுகிறானா?” இல்லை ஐயா. லட்சத்தில் ஒருவன்கூட இல்லை. அந்த ஒருவனைப் பற்றித்தான் பேச்சு. “துப்பாக்கி கிடைப்பதுதான் பிரச்சினை” என்பீர்கள். சரி, அதுவும்தான். ஆனால் வியன்னாவில் 1987இல் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பத்திரிகைகள் அடக்கி எழுதத் தொடங்கியதும் அவை சடுதியாகக் குறைந்தன. தண்டவாளத்தை யாரும் கழற்றவில்லை.

இங்கே மட்டும் என்ன? 2025 பெப்ரவரியில் சட்டப் புத்தகத்தைக் குடைந்து கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோனார்களே, அந்தப் புத்தகத்தின் படம் வராத போன் உண்டா? அந்த வாரமே என் அக்கா மகன் பழைய வினாத்தாள் புத்தகமொன்றை பிளேடால் வெட்டி, விளையாட்டுத் துப்பாக்கியை வைத்துக் காட்டினான். வீடே சிரித்தது. சிரிக்காத எனக்கு “மாமா ஓவர் சீரியஸ்” என்று பட்டம். இருக்கட்டும்.

“மக்களின் அறியும் உரிமை” என்று நேற்று எனக்குப் பாடம் எடுத்த ஊடகத் தம்பிக்கு: 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் கொச்சிக்கடைத் தேவாலயத்தில் தங்கையைப் பறிகொடுத்த அக்கா ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். ஏப்ரல் வந்தால் முதுகில் பையோடு நடந்துபோகிற குண்டுதாரியைத்தான் போடுகிறீர்கள். அவர் தங்கையின் படத்தை எந்த வருடம் போட்டீர்கள்? அவர் முன்னால் ஒரு மைக்காவது நீட்டினீர்களா? செத்தவர்களுக்கு வியூஸ் வராது, அப்படித்தானே?

இதன் கீழும் கொலைகாரன் வீடியோ ஒன்றின் லிங்கைப் போட ஒரு மகான் வருவார். அழிப்பேன், பிளாக்கும் செய்வேன். கருத்துச் சுதந்திரத்தை உங்கள் சுவரில் எழுதிக்கொள்ளுங்கள்.