பருந்துக்கு விஷம் ஏறாது என்பது தவறு
"எண்ணூர் முகத்துவாரத்தில் பருந்து தூக்கிப்போவது நல்ல பாம்பு, பருந்துக்கு விஷம் ஏறாது, பாம்பும் பயத்தில் அசையாது" என்று ஒரு படத்தோடு நண்பர் ஒருவர் பதிவிட்டிருக்கிறார். மூன்றுமே தவறு.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உடல் முழுக்கச் சதுரங்கக் கட்டங்கள், கண்ணுக்குக் கீழே சாய்ந்த கறுப்புக் கோடு. அது விஷமற்ற தண்ணீர்ப் பாம்பு. சீண்டினால் கழுத்தைத் தட்டையாக்கி நல்ல பாம்பைப் போலவே நிமிரும், ஆவேசமாகக் கடிக்கும். பிடிபட்ட பிறகும் பல பாம்புகள் நாற்றமடிக்கும் திரவத்தைப் பீச்சும், பறவையின் காலைச் சுற்றி இறுக்கும்.

பருந்து மட்டுமல்ல, பாம்புகளையே வேட்டையாடும் பாம்புண்ணிக் கழுகுகளைக்கூடக் காப்பது காலிலுள்ள தடித்த செதில்களும், அடர்ந்த இறகுகளும், தலையைக் குறிவைக்கும் வேகமும்தான். கடி ஆழமாகப் பட்டால் அவையும் சாகலாம்.

நல்ல பாம்பு என்று நினைத்துத்தான் கொசஸ்தலை ஆற்றோரம் வலையில் சிக்கும் தண்ணீர்ப் பாம்புகளையும் அடித்துக் கொல்கிறார்கள். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.